மன்றாட்டு மாலையும் சா-சா-சாவும்

ஈசூன்
சிங்கப்பூர், 8.6.1986

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மருமகள் அருள்ஜோதிக்கு உன் தாய்மாமன் இஞ்ஞாசி எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். லீட்ஸ் ஊர்க் குளிரும், ஆஸ்பத்திரி வேலையும், அந்த உப்பில்லாத சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

இப்போது நடந்திருப்பது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன் என்பதை முதலில் தெரிந்துகொள். பிப்ரவரியில் உன் அப்பா ஆம்ப்ரோஸை அடக்கம் செய்துவிட்டு வந்து கை கழுவும்போதே உன் அம்மாவைக் காட்டிச் சொன்னேன். "இவ இனிமே உக்காந்துடுவா. உக்காந்தா சீனி ஏறும், பிரஷர் ஏறும், கால் வீங்கும்." யார் கேட்டார்கள்? ரயில் வீட்டு ஜன்னல் உயரத்தில் ஓடும் என்று ஐம்பத்தெட்டிலேயே கப்பல் பட்டறையில் சொன்னேன், சிரித்தார்கள். இன்று ஈசூன் முழுக்க அந்த ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீ விமானம் ஏறிய மறுநாளே உன் அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளைச் சேலையும் நாற்காலியும்தான். ஆண்டுப் பூசை முடியும் வரை கோயில் வாசலைத் தவிர வேறு வாசல் மிதிக்க மாட்டேன் என்கிறாள். கடைக்குப் போவதில்லை, கீழே காற்று வாங்கப் போவதில்லை, வீட்டில் ரேடியோ கூடாது. போன வாரம் தலை சுற்றி அடுப்படியில் சரிந்துவிட்டாள். கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சின்ன வயசு சீனப் பெண். அவர் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் படித்தது நாலாம் வகுப்பு என்றாலும் முப்பது வருஷம் வெள்ளைக்கார கேப்டன்மாரோடு வாதாடிய இங்கிலீஷ் என்னுடையது. சீனியும் பிரஷரும் இரண்டும் உண்டாம். மாத்திரை கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, தினமும் நெஞ்சு வேலை செய்ய வேண்டும், வெளியே போகாத பெண்ணுக்கு வீட்டுக்குள் லத்தீன் நடனம்தான் மருந்து என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

"ஆடச் சொல்றாங்களா?" என்றாள் உன் அம்மா.

"ஆமா. லத்தீன் ஆட்டம். சா-சா-சான்னு ஒண்ணு."

"லத்தீன்ல பூசைதானே உண்டு?"

"பூசை போச்சு. ஆட்டம் மிச்சம் இருக்கு."

அவள் டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு "டாக்டர் சொன்னா சரி" என்று எழுந்துவிட்டாள். சொல்லிக்கொடுக்க வெளியாள் எதற்கு? கடற்படைத் தளத்தில் ஆபீசர் மெஸ் நடன இரவுகளில் உன் மாமன் காலைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஆடினார்கள்.

இன்னொரு சேதி. உன் பெரியப்பா பெர்னார்ட், வருஷம் திரும்பியதும் உன் அம்மாவை பிடோக்குக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். அங்கே போனால் அவள் உட்கார்ந்த நாற்காலியோடு சேர்ந்துவிடுவாள். இதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

மாமா இஞ்ஞாசி

*

லீட்ஸ்
24.6.1986

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்குச் சீனி என்று படித்ததிலிருந்து வேலையில் மனம் நிற்கவில்லை. மாத்திரையின் பெயர் என்ன? சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? கால் வீக்கம் எவ்வளவு? இதையெல்லாம் விட்டுவிட்டுத் தூணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

நடனம் என்றா டாக்டர் சொன்னார்? எங்கள் வார்டில் எந்த டாக்டரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பெயரை எழுதுங்கள், அவர் சொன்னதை அவர் கையாலேயே எழுதி வாங்கி அனுப்புங்கள்.

பெரியப்பாவும் எழுதியிருக்கிறார். அம்மா பிடோக்குக்கு வர வேண்டும் என்று நானும் ஒரு வரி எழுதினால் அவள் மறுக்க மாட்டாளாம். அங்கே பெரியம்மா இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுதான் நல்லதோ என்றும் தோன்றுகிறது. இன்னும் எழுதவில்லை.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அருள்

*

ஈசூன்
15.7.1986

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மருமகளுக்கு, நாங்கள் நலம். உன் கடிதம் கண்டு உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை, கண்ணில் வெங்காயம்.

மாத்திரைப் பெயரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கால் வீக்கம் சொல்லும்படி இல்லை. நீ கேட்ட மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கிவிட்டது. சிராங்கூன் ரோட்டில் சேக் தாவூது கடையில் ஒரு சா-சா-சா கேசட்டும், கால் தடம் படம் போட்ட புத்தகமும் வாங்கினேன். எனக்குத் தேவையில்லை, உன் அம்மா பார்க்கத்தான். சேக் தாவூது கேட்டார், "இஞ்ஞாசி அண்ணே, இந்த வயசுல யாருக்கு?" "டாக்டருக்கு" என்றேன்.

கேசட்டைப் போட முடியவில்லை. துக்க வீட்டில் பாட்டுக் கூடாது என்று உன் அம்மா பெட்டியை மூடிவிட்டாள். ஆட்டம் மருந்து, பாட்டு கொண்டாட்டம், அதனால் ஒன்று ஆகும் மற்றது ஆகாது என்பது அவள் கணக்கு. சரி என்று ரொட்டி டின்னைக் கவிழ்த்து வைத்து நானே தட்டினேன். மேசையைச் சுவரோரம் தள்ளி, பழைய காலண்டரில் பாதம் பாதமாக வெட்டித் தரையில் ஒட்டினேன். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, நான் வெட்டியதெல்லாம் ஆண் பக்கத்துப் பாதம். எதிரும் புதிருமாக நின்று இரண்டு பேரும் இடது காலை முன்னால் வைத்தால் என்ன ஆகும்?

"அண்ணே, இது ஆட்டமா இல்ல பஸ்ல எடம் புடிக்கிறதா?" என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

அதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே திசையில் ஆடுகிறோம். அண்ணன் தங்கைக்கு அதுதான் மரியாதை. கியூபா நாட்டிலும் இப்படித்தான் ஆடுகிறார்கள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கண்ணாலே பார்த்தால்தான் நம்புவாய்.

மாதா துணை.

மாமா

*

லீட்ஸ்
3.8.1986

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். சிரித்தேன், அப்புறம் பயந்தேன். பிரஷர் உள்ளவர்கள் மூச்சுத் திணறும் அளவுக்கு ஆடக்கூடாது. வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். ஆடிக்கொண்டே பேச முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். பேச முடிந்தால் நெஞ்சு தாங்குகிறது என்று அர்த்தம். வாக்கியம் உடைந்தால் உடனே உட்கார வேண்டும். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

டாக்டர் பெயரை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

பெரியப்பாவிடமிருந்து இன்னொரு கடிதம். இன்னும் பதில் போடவில்லை.

அன்புடன்
அருள்

*

ஈசூன்
2.9.1986

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மருமகளுக்கு, சுகத்தில் குறைவில்லை. உனக்கு வார்டில் பதவி உயர்வு வரும் என்று எனக்கு உள்ளுக்குள் சொல்கிறது.

நீ எழுதிய பேச்சுச் சோதனையை நான் மேம்படுத்திவிட்டேன். ஆடும்போது பேசு என்றால் அவள் என்ன பேசுவாள்? முதல் நாள் பெர்னார்ட் மச்சானைத் திட்டினாள், அதில் பிரஷர் ஏறிவிட்டது. அப்போதுதான் எனக்கு மன்றாட்டு மாலை ஞாபகம் வந்தது. நான் அந்தோனியார் போன்ற அர்ச்சிஷ்டவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியது, அவள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்ல வேண்டியது. பெயர் சொல்லும்போது முன்னால் இரண்டு அடி. வேண்டிக்கொள்ளுமில் குட்டிக் குட்டியாக மூன்று. அச்சாக உட்கார்ந்துவிட்டது, மருமகளே. சா-சா-சாவைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் கோயில் பிள்ளையாக இருந்திருப்பான்.

பதில் முழுதாக வந்தால் நெஞ்சு சரி. "வேண்டி" என்று நின்றுவிட்டால் உட்கார வைத்துவிடுவேன். ஆரம்பத்தில் அந்தோனியாரைத் தாண்ட மாட்டாள். இப்போது எனக்கு அர்ச்சிஷ்டவர்கள் தீர்ந்துபோய், வெள்ளைக்கார கேப்டன்மார் பெயரையும் இடையில் சொருகுகிறேன்.

கீழ் வீட்டு நூருன்னிசா ஒருநாள் துடைப்பத்தோடு ஏறி வந்தார். புருஷன் கப்பலில் சமையல், பிள்ளைகள் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள், தனியாக இருக்கிறவர்.

"என்னா பாய் மாவு இடிக்கிறீங்களா? எங்க வீட்டுல சுண்ணாம்பு உதிருதுலா" என்றார். பாய் என்று யாரைக் கூப்பிட்டாரோ. உன் அம்மா நின்ற கோலத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டார்.

"என்னாக்கா இது?"

"மருந்து" என்றாள் உன் அம்மா.

"எனக்கும் சீனி இருக்குக்கா."

மறுநாளே சப்பாத்தோடு வந்துவிட்டார். "நீங்க உங்காளுங்களக் கூப்பிடுங்க, நான் வாய்க்குள்ள எண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்று ஆடுகிறார். டின் தட்டுவதற்கும் என்னைவிட நல்ல கை. நானே கற்றுக்கொடுத்தேன்.

எங்கள் வீட்டு மாடியில் லிப்ட் நிற்காது என்று உனக்குத் தெரியும். கீழ் மாடியில் இறங்கிப் படி ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்தபோது உன் அம்மா நடுவில் நிற்காமல் ஏறிவிட்டாள். எனக்குத்தான் நடுவில் நின்று செருப்பு வார் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மாதா துணை.

மாமா

*

லீட்ஸ்
10.10.1986

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் இவ்வளவு நாள் வாயை மூடி நான் பார்த்ததில்லை, அதனால் பயமாக இருக்கிறது.

பெரியப்பாவின் கடிதம் மட்டும் வந்தது. "உன் அம்மா செபத்தை வைத்துக் கூத்தாடுகிறாள், உன் மாமன் மேளம் அடிக்கிறான், உன் அப்பன் குழி மண் இன்னும் காயவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவளுக்கு நான் உடனே புத்தி சொல்லி எழுத வேண்டுமாம்.

என்ன நடந்தது? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களால் முடியாவிட்டால் அம்மாவை எழுதச் சொல்லுங்கள்.

அருள்

*

ஈசூன்
23.10.1986

அன்பு மகள் அருளுக்கு அம்மா ஆசீர்வாதம். சாப்பிட்டாயா, கம்பளி போட்டுக்கொள்கிறாயா. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்.

பெரியத்தான் வந்த அன்று மாமா வாசல் கதவைத் திறந்துவைத்திருந்தார், காற்றுக்காக. படி ஏறும்போதே அவருக்கு மன்றாட்டுக் கேட்டிருக்கிறது. மனசு குளிர்ந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று தானும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். எங்களுக்குப் பின்னால் ஆண் குரல் ஒன்று கூடுதலாகக் கேட்டது. திரும்பினேன். வாசல் இரும்புக் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்.

"அந்தோனியம்மா, இது என்ன கூத்து?"

மாமா டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "டாக்டர் சொன்னது மச்சான்" என்றார்.

"அர்ச்சிஷ்டவங்க பேரச் சொல்லி இடுப்ப ஆட்டச் சொன்னாரா டாக்டர்?"

நூருன்னிசாவுக்கு வாய் சும்மா இருக்காது. "இடுப்பு தனியா ஆடலீங்க. கால் போற பக்கம் அதுவும் போவுது" என்றாள்.

அத்தான் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை அருள், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆம்ப்ரோஸ் என் கையப் புடிச்சுச் சொன்னாம்மா, அவளப் பாத்துக்கன்னு. நான் என்னத்தப் பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லுவேன்? வருசம் திரும்புன மறுநா பிடோக்குக்கு வந்துடு. எங்க வீட்டுல தனி ரூம் இருக்கு, சொரூபம் இருக்கு, ரெண்டு வேளை செபம் இருக்கு. வேற என்னம்மா வேணும் ஒனக்கு?"

அவர் போனதும் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மாமா தரையில் ஒட்டிய பாதத்தையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அதனால்தான் அவர் எழுதவில்லை.

மூன்று ஞாயிறு போயிற்று. நாலாம் ஞாயிறு கோயிலிலிருந்து வந்து படி ஏறினேன். நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கால் பழையபடி வீங்கியிருந்தது. படியில் உட்கார்ந்தபடியே அத்தான் கேட்ட கேள்வியை யோசித்தேன், வேற என்ன வேணும் ஒனக்கு என்று. எனக்கு இந்தப் படியை ஏற வேண்டும். அது ஒன்றும் பெரிய ஆசை இல்லையே.

மறுநாள் காலையில் மேசையை நானே தள்ளினேன். அண்ணன் டின்னை எடுக்கவில்லை. "மச்சான் கேட்டா?" என்றார். "டாக்டர் சொன்னத மீற நான் யாருண்ணே" என்று சொல்லிவிட்டு நானே எடுத்துத் தட்டினேன். சத்தம் கேட்டு நூருன்னிசா படி ஏறி வந்துவிட்டாள்.

பெரியத்தானுக்கும் அதையே சொல்லியனுப்பினேன். டாக்டர் உத்தரவு என்று. ஜனவரியில் எனக்குச் சோதனை இருக்கிறது. தானும் கூட வந்து டாக்டரையே கேட்கிறேன் என்கிறார். அவர் இங்கிலீஷ் படித்தவர். வரட்டும்.

உனக்கு எது சரி என்று படுகிறதோ அதை அவருக்கு எழுது. நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

உன் அம்மா
அந்தோனியம்மாள்

*

ஈசூன்
16.11.1986

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மருமகளுக்கு, நலம். உன் அம்மா ஏதேதோ எழுதியிருப்பாள். நான் எழுதாததற்குக் காரணம் தபால்தலை கிடைக்காததுதான்.

பெர்னார்ட் மச்சான் வந்த அன்று நான் பேசிய பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். எழுந்து நின்று, "மச்சான், வேதத்துல தாவீது ராசா ஆண்டவரோட பெட்டகத்துக்கு முன்னால ஆடலியா?" என்று கேட்டேன். வாயடைத்துப்போனார். உன் அம்மாவுக்கு அது காதில் விழவில்லையாம். நான் கொஞ்சம் மெதுவாகக் கேட்டேன்.

இப்போது ரும்பாவும் தொடங்கிவிட்டோம். நூருன்னிசாவுக்கு இடதுபக்கம் திரும்புவது மட்டும் வரவில்லை.

உன்னிடம் பொதுவாக ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீ ஆஸ்பத்திரியில் இருப்பவள். ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எவ்வளவு பேரைப் பார்க்கிறார். அவர் ஜூன் மாதம் ஒரு அம்மாவுக்குச் சொன்னது ஜனவரியில் அவருக்கு ஞாபகம் இருக்குமா? மறந்துபோய் வேறு மாதிரி சொல்லிவிட வாய்ப்பு உண்டுதானே? இங்கே ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்.

கிளினிக்கில் டாக்டர்களை வேறு ஊருக்கு மாற்றும் வழக்கம் உண்டா?

மாதா துணை.

மாமா

*

லீட்ஸ்
9.12.1986

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே பனி. நான் சுகம். உங்கள் எல்லாருக்கும் நூருன்னிசா அக்காவுக்கும் என் அன்பு.

உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். டாக்டர்கள் மறக்கலாம், ஆனால் மறப்பார்கள் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வைக்கிறார்கள்.

அந்த டாக்டர் பெயரை நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. இரண்டு தடவை கேட்டுப் பதில் வராதபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கோபம் இருந்தது. அம்மாவின் கடிதத்தில் அந்தப் படியைப் பற்றிப் படித்த பிறகு கோபம் போய்விட்டது.

ஆனால் ஒன்று, மாமா. அம்மா பெரியப்பாவை எதிர்த்து நிற்பது டாக்டர் சொன்னார் என்ற அந்த ஒரு வார்த்தையின் மேல். ஜனவரியில் பெரியப்பா அதை உருவிவிட்டால் அவள் எதில் நிற்பாள்? அன்றே சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாள், இந்தத் தடவை எடுக்க மாட்டாள். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்தவர் வாயிலிருந்து அவளுக்கு அது தெரிய வேண்டாம்.

பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். அம்மா எங்கே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம் என்று.

கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.

அருள்

*

ஈசூன்
28.2.1987

சேசுவுக்குத் தோத்திரம்.

அன்பு மருமகள் அருள்ஜோதிக்கு, நீ கோபமாக இருப்பாய். ஜனவரியும் போய் பிப்ரவரியும் முடிகிற நேரத்தில் எழுதுகிறேன். உன் உடம்பு, உறக்கம் எல்லாம் சரியா? நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்றாவது நூருன்னிசா, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிளினிக்கில் நடந்ததைக் கேள். பெர்னார்ட் மச்சான் டை கட்டி வந்திருந்தார். டாக்டர் முதலில் உன் அம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் சுற்றிப் பார்த்தார். பிரஷர் இறங்கியிருக்கிறது, சீனி இறங்கியிருக்கிறது, காலை அமுக்கினால் குழி விழவில்லை. இது வரைக்கும் அட்டையில் உள்ளது, நீ வந்து பார்க்கலாம்.

மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் இந்த விதவைக்கு நடனம் ஆடச் சொன்னது உண்மையா என்று. டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆமாம், நான்தான் சொன்னேன். இவருடைய நெஞ்சுக்கு சா-சா-சாவை விட்டால் வேறு மருந்து இந்தச் சிங்கப்பூரிலேயே இல்லை. தடுக்க நீங்கள் யார்?" என்று கேட்டார். மச்சானின் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிப்ரவரியில் ஆண்டுப் பூசை நன்றாக நடந்தது. சாமியார் உன் அப்பா பெயரை முழுதாகச் சொன்னார். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். பிடோக்கிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பெர்னார்ட் மச்சான் பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார், ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். உன் அம்மாவின் துணிப்பெட்டியை ஒருவேளை தூக்கிப்போகலாம் என்று பிள்ளைகளோடு வந்தவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள்.

அவர்கள் போனதும் உன் அம்மா கேசட்டை எடுத்து, "இனி போடலாம்ணே" என்றாள். துக்கம் முடிந்ததே. போட்டோம். மருமகளே, அது என்ன வேகம். ஏழு மாதமாக நாங்கள் ஆடியது சா-சா-சா இல்லை, ஏதோ சொரூபப் பவனி. பாட்டுக்காரன் அந்தோனியாரைத் தாண்டி மூன்று அர்ச்சிஷ்டவர் தூரம் போன பிறகுதான் நாங்கள் முதல் காலை வைக்கிறோம். நூருன்னிசா சோபாவில் விழுந்து சிரித்தார். உன் அம்மா பெட்டியை அணைத்துவிட்டு, "அவன் அவசரத்துக்கு நாம ஏன் ஓடணும்? டின்ன எடுங்க" என்றாள். இப்போதும் டின்தான்.

அவ்வளவுதான் சேதி. கடிதத்தை இங்கே முடித்திருக்கலாம். காகிதத்தில் இடம் மிச்சம் இருக்கிறது, உன் டிசம்பர் கடிதமும் மேசையில் என் எதிரே கிடக்கிறது.

நீ சொன்னபடி நான் உன் அம்மாவிடம் முன்னதாகச் சொல்லவில்லை. தினமும் சொல்ல நினைத்தேன். அவள் சப்பாத்துக் கயிறு கட்டுவதைப் பார்த்தால் வாய் வரவில்லை.

மேலே எழுதியதில் டாக்டர் எழுந்து நின்றது நான் சேர்த்தது. அவர் எழுந்திருக்கவில்லை, யாரும் கை தட்டவில்லை. மச்சான் கேட்டதற்கு அந்தப் பெண் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "டான்ஸா? இல்லையே. நடக்கத்தான் சொன்னேன்" என்றார். ஜூனிலும் அதைத்தான் சொன்னார். வாக்கிங். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. இவள் வெளியே நடக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது. சேக் தாவூது கடைக் கண்ணாடியில் அந்தக் கால் தடப் புத்தகத்தை முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன். அதுவே வாயில் வந்துவிட்டது. ஆபீசர் மெஸ்ஸிலும் நான் ஆடியதில்லை, நாற்காலி அடுக்கியிருக்கிறேன்.

மச்சான் உன் அம்மா பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "கேட்டியாம்மா? டாக்டர் ஆடச் சொல்லல. நடக்கத்தான் சொன்னாங்களாம். ஒங்கண்ணன் சொன்னது பொய்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் அத்தான்" என்றாள் உன் அம்மா. "நாப்பது வருசமா இந்த ஊர்ல இருக்கேன். வாக்கிங்னா நடக்கிறதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏம்மா ஆடுன?"

"ஆடணும்போல இருந்துச்சு" என்றாள். "பிடோக்குக்கு நான் வரல."

மாமா இஞ்ஞாசி